ஐம்பத்தேழாம் எண் ரத்தம்

ஆரோக்கியமானவர்களின் வரிசையில் ஒரே ஒரு குழி மட்டும் மஞ்சளாக இருந்தது. சும்மா மஞ்சள் இல்லை, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். லேப் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைக் கோட்டின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்போதும் மஞ்சள்தான்.

அந்த இதய மருத்துவமனையில் டாக்டர்கள் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சொட்டு ரத்தம் உள்ளே வராது, வெளியே போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் அவளைக் கண்டு நடுங்குவார்கள், இரண்டாம் வாரம் அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் கை வைப்பார்கள்.

இப்போது அவள் கையில் இருந்தது இதய டாக்டரம்மாவின் ஆராய்ச்சி வேலை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வந்தால், சிலருக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து முடி மாதிரி மெல்லிய கிளைகள் கிளம்பும். அடைப்பைச் சுற்றிக்கொண்டு போய், பட்டினி கிடக்கிற சதைக்கு அவை ரத்தம் ஊட்டும். சிலருக்கு அப்படி எதுவும் வளராது, ஆளும் போய்விடுவார். யாருக்கு வளர்கிறது என்று ரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. கிளைகள் வளரும்போது ரத்தத்தில் ஒரு புரதம் கூடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். அதைப் பார்க்க, சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் ஆளுக்கு ஒரு குழியாக ரத்தத்தின் தெளிநீரை விட்டு, மருந்துகளை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். புரதம் அதிகமென்றால் குழி மஞ்சளாகும். அடைப்பு உள்ள நோயாளிகளின் வரிசை மஞ்சளாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கிற நல்ல ஆட்களின் வரிசை நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்க வேண்டும்.

மஞ்சளாக இருந்தது ஐம்பத்தேழாம் எண். அது யாருடையது என்று சோதிக்கிறவளுக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் குழாய்களின் மேல் பெயருக்குப் பதில் எண். ஆனால் லேப் அக்காவுக்குத் தெரியும். அந்த எண்ணை ஒட்டியதே அவள்தான். ஐம்பத்தேழு அவள் கணவர், ஐம்பத்தெட்டு அவள்.

விரலை வைத்து வரிசையை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள்.

நல்ல ஆட்களின் வரிசையில் இரண்டு பேர் குறைந்தபோது அவள்தான், "எங்க வீட்டுலேயே ரெண்டு பேர் இருக்கோமே" என்று முன்வந்தாள். அந்தக் கூடத்தில் அது வழக்கம்தான். ஆள் குறைந்தால் அவரவர் வீட்டிலிருந்து ஒருவரை இழுத்துக்கொண்டு வருவார்கள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதிக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கு ஊசி என்றால் மட்டும் உயிர் போய்விடும்.

"ஒரு ஊசிதாங்க. கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

"கொசு கடிச்சா அடிக்கலாம். இவங்களை என்ன பண்றது?" என்று ரத்தம் எடுக்கிற நர்ஸைக் காட்டினார். அந்தப் பெண் யாருக்கு ஊசி போட்டாலும் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே குத்துவாள். அதனால் அவளுக்கு வலிக்காது நர்ஸ் என்றே பெயராகிவிட்டது. அன்றைக்கு அந்த அறையே சிரித்தது. எப்படியோ கெஞ்சியும் மிரட்டியும் காரியம் முடிந்தது.

இப்போது நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. கணவருடைய அப்பா மாரடைப்பில் போனவர். அண்ணனும் அதே மாதிரி, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே போனவர். அடுத்தது இவர்தான் என்று வாய்விட்டுச் சொல்லாமலே அந்த வீடு பல வருஷமாக இவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் உப்பு டப்பாவை ஒளித்து வைப்பாள். லேப் அக்கா சட்டைப் பையை மோந்து பார்த்து சிகரெட்டைக் கண்டுபிடிப்பாள். தொந்தியைத் தடவிக்கொண்டே அவர், "எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னாத்தான் உண்டு" என்பார்.

மறுநாள் மிச்சமிருந்த தெளிநீரை எடுத்து மறுபடி சோதித்தாள். அதே குழி, அதே மஞ்சள். ஐம்பத்தெட்டு தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போகப்போகிறவர் அவர்தான் என்று அவள் மனசு தீர்ப்பே எழுதிவிட்டது.

டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்பது பேச்சுக்கு. லிப்டில் கூட்டம், படியில் ஏறினாள், பாதியில் வழக்கம்போல் நின்றாள். அந்தத் திருப்பத்தில் கை கழுவும் முறையைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருக்கும். அதைப் படிக்கிற மாதிரி நின்று மூச்சு வாங்கிக்கொள்வது அவளுக்கு வாடிக்கை. கை கழுவுவதைப் பற்றி அந்த மருத்துவமனையில் அவளைவிட நன்றாகப் படித்தவர் கிடையாது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நம்பரை வெச்சு நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். "காயம் பட்டிருந்தாக்கூட இது ஏறும். இது இன்னும் ஆராய்ச்சிதான், டெஸ்ட் இல்ல."

"அவங்க அப்பா, அண்ணன் ரெண்டு பேருமே இதுல போனவங்க டாக்டர். சிகரெட் வேற."

"அப்படின்னா இந்த மஞ்சளே இல்லாட்டியும் நான் அவரைப் பார்க்கணும். திரும்ப ரத்தம் எடுத்து என்ன பண்ணப் போறோம்? குழாயையே பார்த்துடலாம், கூட்டிட்டு வாங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை அவராகவே எடுத்து மேஜைமேல் வைத்தார். மகள் அழ ஆரம்பித்தாள். "காரோட இன்னொரு சாவி மேல் அலமாரியில இருக்கு" என்றார் அவர். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.  இத்தனை வருஷம் எத்தனை பேருடைய ரத்தத்தை எண்ணாகப் பார்த்தாயிற்று, ஒரு எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு முகம் இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்தோமா என்று லேப் அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஓடுகிற இயந்திரத்தில் அவரை ஏற்றினார்கள். தொந்தி குலுங்கக் குலுங்க ஓடினார். வேகத்தைக் கூட்டினார்கள், அதற்கும் ஓடினார். பிறகு கையில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஊசிக்கு மனுஷன் முனகக்கூட இல்லை. சாவுக்குப் பயந்தவன் ஊசிக்குப் பயப்பட நேரம் ஏது?

டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "எங்கேயும் அடைப்பு இல்ல. சின்னப் பையன் குழாய் மாதிரி இருக்கு. நீங்க பண்ற அட்டூழியத்துக்கு இது அநியாயம்."

 கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! புருஷனை உயிரோட புதைக்கப் பார்த்தியே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு வீட்டில் உப்பு டப்பா தானாகவே வெளியே வந்தது. அவர் மகளுக்கு நடித்துக் காட்டினார். அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது, அப்பா மேல் அலமாரிச் சாவியைச் சொன்னது எல்லாமே ஒரே நாளில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. லேப் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை நிம்மதியாக அவள் சிரித்து வெகு நாளாயிற்று.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் தொழில் புத்தி தலை தூக்கியது. அப்படியென்றால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? மருந்து கெட்டுப்போயிருந்தால் ஒரு குழி மட்டும் எப்படி மாறும்? அதுவும் இரண்டு தடவை? மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது, வலிக்காது நர்ஸ் ரத்தக் குழாய்களை வைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லையாமே! கேட்டதும் எனக்கு அன்னைக்கு நடந்ததுதான் ஞாபகம் வந்துச்சு. உங்க கையிலேருந்து ரத்தம் வர்றதைப் பார்த்தே அவருக்கு முகம் வெளுத்துப்போச்சு. அப்புறம் அவரை நாற்காலியில உட்கார வைக்க நான் பட்ட பாடு இருக்கே!"

லேப் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றது.

"என் கையிலேருந்தா? அவருக்குத்தானே முதல்ல எடுத்தே?"

"எங்க விட்டாரு? 'முதல்ல அவளுக்குக் குத்துங்க, அவ கத்தலைன்னா நான் உட்கார்றேன்'னாரு. நீங்கதான் அவரைத் திட்டிக்கிட்டே 'இந்தா எடு'ன்னு கையை நீட்டினீங்க. மறந்துட்டீங்களா?"

"குழாயை எங்கேருந்து எடுத்தே?"

"ஸ்டாண்டிலேருந்துதான். முன்னாடி இருந்ததை முதல்ல எடுத்தேன், பின்னாடி இருந்ததை அப்புறம். நீங்கதான் ஏற்கெனவே நம்பர் ஒட்டி ரெடியா வெச்சிருந்தீங்களே."

அந்தக் கூடத்தில் கால் வைக்கிற எல்லோருக்கும் அவள் முதல் நாளே தொண்டை கிழியச் சொல்லித் தருவது ஒரே ஒரு பாடம்: வெறும் குழாயில் எண் ஒட்டாதே. ரத்தம் உள்ளே வந்த பிறகு, அந்த ஆள் உன் கண்ணெதிரே இருக்கும்போது ஒட்டு. இந்தத் தப்பைச் செய்த ஒரு பயிற்சிப் பெண்ணை அழ அழ வீட்டுக்கு அனுப்பியவள் அவள். அன்றைக்கு அவசரம், நம் வீட்டு ஆட்கள்தானே என்கிற அலட்சியம். முதலில் கணவர், அப்புறம் நான் என்று மனசுக்குள் போட்ட கணக்குப்படி முன்கூட்டியே ஒட்டி வரிசையாக வைத்துவிட்டாள். வரிசை மாறியது அவள் கண்ணெதிரேயே நடந்தது, அவள் கையிலேயே நடந்தது. கணக்கு மட்டும் மண்டையில் மாறவில்லை.

 ஐம்பத்தெட்டாம் குழியின் அந்தத் தெளிந்த தண்ணீர் அவருடையது. அப்படியென்றால் அந்த மஞ்சள்?

தன் முழங்கை மடிப்பைப் பார்த்தாள். ஊசி குத்திய தடம் எப்போதோ மறைந்திருந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து விழுந்தன. படித் திருப்பத்தில் நிற்பது. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தால் தாடைக்குக் கீழே ஏதோ இறுக்கிப் பிடிப்பது. துணி அலசும்போது இடது தோளில் வருகிற குடைச்சல். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது: வயசு, வாயு, தூக்கமில்லாமை, தலையணை சரியில்லை. கைப்பையில் வாயு மாத்திரை தீர்ந்தால் சம்பளம் வரும்வரை காத்திருக்காமல் வாங்குவாள். வேறொரு பெண்மணி வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், "என்னம்மா விளையாடறீங்களா? முதல்ல ஈசிஜி எடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இதய மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்பிள்ளை! நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"எனக்கு இன்னொரு தரம் எடு" என்று கையை நீட்டினாள்.

நர்ஸுக்கும் புரிந்துவிட்டது. ஊசி உள்ளே போய் வெளியே வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. அந்த நர்ஸ் "வலிக்காது" என்று சொல்லாமல் போட்ட ஒரே ஊசி அதுதான். இந்த முறை எண்ணை ரத்தம் வந்த பிறகுதான் ஒட்டினார்கள். சாயங்காலம் குழித்தட்டில் மஞ்சள் ஏறியது.

ஓடுகிற இயந்திரத்தில் அவள் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இறங்குங்க. மெதுவா. உட்காருங்க." அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் லேப் அக்காவைக் கலங்கடித்தது. நோயாளிகளிடம் அவர் பேசுகிற குரல் அது. அக்கா என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டுப் படம் எடுத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. குளிர்ந்த மேஜையில் படுத்தபடியே தலையைத் திருப்பித் திரையைப் பார்க்க முடிந்தது. வலது பக்கத்துக் குழாயில், திரையில் கறுப்பாகத் தெரிகிற மருந்தைச் செலுத்தினார்கள். கொஞ்ச தூரம் போய், வெட்டிவிட்ட கிளை மாதிரி அது அப்படியே நின்றுபோனது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம்.  பிறகு இடது பக்கத்தில் செலுத்தினார்கள். கறுப்பு மை பரவியது. ஒரு நொடி எதுவும் இல்லை. அப்புறம், இதயத்தின் குறுக்காக, கோணலும் மாணலுமாக, பின்னல் நூல் மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தன. அவை வளைந்து நெளிந்து வலது பக்கம் வந்து, செத்துப்போன அந்தக் குழாயைக் கீழேயிருந்து மேலாக நிரப்பின.

ஆராய்ச்சிக்காக இப்படி எத்தனையோ படங்களை அவள் பார்த்திருக்கிறாள். "இவருக்குப் பாருங்க, எவ்வளவு அழகா வளர்ந்திருக்கு" என்று டாக்டரம்மாவிடம் வாய் கொள்ளாமல் சொல்லியிருக்கிறாள். இப்போது அழகு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தான் சமைத்து, துவைத்து, பஸ் ஏறி, ஊரார் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த காலமெல்லாம், தனக்கே தெரியாமல், யாரும் கேட்காமல், உள்ளே ஒன்று தன்னைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மேஜையில் கிடந்தபடியே அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அசையக் கூடாது என்று சொன்னார்கள். அசையாமல் அழுதாள்.

அறைக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா வந்தார். கணவர் கட்டில் ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அடைப்பைத் திறக்க முயற்சி செய்யலாம், முடியாவிட்டால் அறுவை சிகிச்சை, எதுவானாலும் இந்த வாரமே செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. கணவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எதுவும் காதில் ஏறின மாதிரி தெரியவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இதயத்தோட கீழ்ப்பக்கம் சின்னதா ஒரு தழும்பு தெரியுது. எப்பவோ ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு. வந்தது சின்ன அட்டாக் இல்ல. அந்தக் கிளைக் குழாய்ங்க மட்டும் அப்ப இல்லாம இருந்திருந்தா, நாம இன்னைக்குப் பேசிட்டிருக்க மாட்டோம். நல்லா வேர்த்து, வாந்தி வந்து, முதுகு வலிச்சு, அப்படி ஏதாவது நாள் ஞாபகம் இருக்கா?"

"அட்டாக்கா?" கணவர் எழுந்தே விட்டார். "இவளுக்கா? எங்க வீட்டுலயா? அதெல்லாம் இல்லவே இல்ல டாக்டர், வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

 எந்த நாள் என்று லேப் அக்காவுக்குக் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது.

"ஒரு ஞாயித்துக்கிழமை" என்றாள். "இவரோட சிநேகிதங்க ஃபுட்பால் மேட்ச் பார்க்க வந்திருந்தாங்க. நான் சமையல்கட்டுல டீ போட்டுட்டிருந்தேன். திடீர்னு முதுகுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. சிங்க்ல வாந்தி எடுத்தேன். நிக்க முடியல. ஃபிரிட்ஜ்ல சாஞ்சு தரையில உட்கார்ந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"டீ பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சுபோச்சு. எந்திரிச்சு கேஸை மூடக்கூட முடியல."

"யாரையும் கூப்பிடலையா?"

"கோல் போட்டாங்க போல, எல்லாரும் கத்திட்டிருந்தாங்க. வாயுன்னு நினைச்சேன் டாக்டர். கொஞ்சம் குறைஞ்சதும் எந்திரிச்சு, அடுப்பைத் துடைச்சுட்டு, மறுபடி டீ போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

 கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அந்த டீயில சக்கரை இல்ல" என்றார்.

"ஆமாங்க. மறந்துட்டேன்."

"ஒரு வாய் குடிச்சுட்டு எல்லார் முன்னாடியும் உன்னைக் கத்தினேன். யார் நினைப்புல போட்டேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க." அவர் குரல் உடைந்தது. "எல்லாக் கப்பையும் உன் கையிலேயே திருப்பிக் குடுத்து, போட்டு எடுத்துட்டு வான்னு அனுப்பினேன்."

"போட்டுட்டு வந்தேனே" என்றாள் லேப் அக்கா, அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "அப்புறம் நல்லாருக்குன்னு சொன்னீங்க."